நீலத் திரை திரும்பத் திரும்ப வருகிறதா? மதர்போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடப் பழைய டெஸ்க்டாப். இன்டெல் ஐ5 12400 ப்ராசஸர், பி660 மதர்போர்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. மூன்று மாதமாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நீலத் திரை. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்கிறது, மறுநாள் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், அப்புறம் சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன், ஒரு தடவை பேஜ் ஃபால்ட். இரண்டு முறை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாயிற்று. கடையில் காட்டியதற்கு மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி வரியில், போகிறபோக்கில், நான்கு மாதத்துக்கு முன் வேறு பிராண்டில் இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கிச் சேர்த்ததாகவும், இரண்டும் 3600 வேகத்தில் ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

மதர்போர்டுக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

ராம் போட்டு ஒரு மாதம் நன்றாகத்தானே ஓடியது, அப்புறம் எப்படி என்று கேட்பீர்கள். வருகிறேன். அதற்கு முன், நீலத் திரை எதற்காக வருகிறது என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். நாம் திறக்கும் வேர்ட், க்ரோம் எல்லாம் விண்டோஸ் கட்டிய வேலிக்குள் ஓடுபவை. அவற்றில் ஒன்று விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். அந்த வேலிக்கு வெளியே, கெர்னல் என்ற இடத்தில் விண்டோஸின் மையப்பகுதியும் டிரைவர்களும் (ஹார்டுவேரை இயக்கும் மென்பொருள்கள்) ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்கே ஒருவர் தவறான மெமரியைத் தொட்டால், இனி எதை நம்புவது என்று விண்டோஸுக்கே தெரியாது. அதற்கு மேல் ஓடினால் உங்கள் ஃபைல்களையே கெடுத்துவிடலாம் என்பதால் தானாக நின்றுகொள்கிறது. அதாவது இந்தத் திரை ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. (2025இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11 24எச்2வில் இது கருப்புத் திரையாக மாறிவிட்டது, சோக முகமும் காணாமல் போய்விட்டது. பழக்கத்தில் நான் நீலம் என்றே சொல்கிறேன்.)

கெர்னலுக்குள் ஒரு மென்பொருள் தடுமாறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகளைச் சாய்த்தது. அந்தக் கணினிகளில் ராமும் மதர்போர்டும் கெட்டுப்போகவில்லை. ஆகவே நீலத் திரை என்றாலே ஹார்டுவேர் என்று முடிவு கட்டுவதும் தப்பு, ஃபார்மட் செய்தால் போய்விடும் என்று நினைப்பதும் தப்பு.

இப்போது உங்கள் கணினிக்கு வருவோம். ஒரே பிழைச் செய்தி, ஒரே டிரைவர் பெயர், ஒரே வேலையைச் செய்யும்போது மட்டும் என்று வந்தால் என் சந்தேகம் முதலில் மென்பொருள் மேல் போகும். உங்களுக்கு வருவது அப்படியில்லை. நான்கு தடவைக்கு நான்கு விதமான குற்றச்சாட்டு. ஓட்டு வீட்டில் ஒரு ஓடு உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை வரும்போது அதற்குக் கீழே யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் நனைவார். ஒரு நாள் தாத்தா, ஒரு நாள் பிள்ளை. ராமில் ஒரு சின்ன இடம் கெட்டிருந்தாலும் அப்படித்தான். அந்த இடத்தில் அந்த நேரம் டிஸ்ப்ளே டிரைவர் இருந்தால் பழி டிஸ்ப்ளே டிரைவருக்கு, நெட்வொர்க் டிரைவர் இருந்தால் அதற்கு. யாருமே இல்லாவிட்டால் நாள் முழுக்க ஒன்றும் நடக்காது. முதல் மாதம் உங்களுக்குப் பிரச்சினை வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்போது 16 ஜிபியை நிரப்பும் அளவுக்கு நீங்கள் எதையும் ஓட்டவில்லையோ என்னவோ.

இரண்டு முறை புதிதாக விண்டோஸ் போட்டும் திரும்ப வந்தது என்பதே ஒரு சாட்சி. போட்ட அன்றைக்கே, வேறு எந்த மென்பொருளும் ஏற்றாமல் விழுந்திருந்தால் சந்தேகம் முக்கால்வாசி ஹார்டுவேர் பக்கம் சாய்ந்துவிடும். இன்னொரு விஷயம்: ராம் கெட்டிருக்கும் நிலையில் விண்டோஸை நிறுவினால், நிறுவப்படும் ஃபைல்களே ராம் வழியாகப் போகும்போது கெட்டுப்போகலாம். ஆகவே இனி மூன்றாவது ஃபார்மட் வேண்டாம், ராம் விஷயம் முடிகிற வரைக்குமாவது.

முதலில் சாட்சியங்களைச் சேருங்கள். சிஸ்டம் ப்ராபர்ட்டிஸ் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி என்பதற்குள் போனால், தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். திரை நிற்கும், நிதானமாக செல்போனில் படம் எடுக்கலாம். அதே இடத்தில் ஸ்மால் மெமரி டம்ப் (விழுந்த நேரத்தில் மெமரியில் இருந்ததன் சின்னப் பதிவு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி ஒவ்வொரு தடவை விழும்போதும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒரு ஃபைல் சேரும். சேரவில்லை என்றால் இரண்டு காரணம் பொதுவாக உண்டு. எஸ்எஸ்டியை மிச்சப்படுத்துகிறேன் என்று யாராவது பேஜ் ஃபைலை (ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிரைவில் வைத்திருக்கும் ஃபைல்) நிறுத்தியிருப்பார்கள், அல்லது டிஸ்க் க்ளீனப் மாதிரியான கருவி அந்த டம்ப்களைக் குப்பை என்று துடைத்திருக்கும்.

அந்த ஃபைல்களை ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். இன்னும் ஆழமாகப் பார்க்க மைக்ரோசாஃப்டே தரும் வின்டிபிஜி இருக்கிறது. டம்பைத் திறந்ததும் அனலைஸ் என்று ஒரு இணைப்பு காட்டும், சொடுக்கினால் போதும். ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான டம்ப்களில் என்டிஓஎஸ் கெர்னல் என்ற ஃபைல் மேல்தான் குற்றம் சுமத்தப்பட்டிருக்கும். அது விண்டோஸின் இதயம். விபத்து நடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தவர், அவ்வளவுதான். அந்த ஃபைலை இணையத்தில் தேடி, எங்கிருந்தோ டவுன்லோடு செய்து மாற்றிப்போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரையும் பாருங்கள். சிஸ்டம் பதிவுகளில் கெர்னல் பவர், எண் 41 என்று ஒரு சிவப்புப் பதிவு இருக்கும். பவர் என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கணினி முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். பயன்படுவது அதன் டீடெய்ல்ஸ் பக்கத்தில் இருக்கும் பக்செக்கோடு என்ற எண். 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட். 10 என்றால் ஐஆர்கியூஎல். 80 பேஜ் ஃபால்ட், 59 சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன், 292 என்றால் ப்ராசஸரோ அதைச் சார்ந்த ஹார்டுவேரோ தானே முன்வந்து புகார் சொன்ன வீயா பிழை. அந்த இடத்தில் 0 என்று இருந்தால் பெரும்பாலும் நீலத் திரையே வரவில்லை, மின்சாரம் பட்டென்று போயிருக்கிறது, அல்லது கணினி உறைந்து யாரோ பட்டனை அழுத்தி அணைத்திருக்கிறார்கள்.

இந்த 0வை நான் கற்றுக்கொண்டது ஒரு உறவினரின் டிடிபி கடையில். தினமும் நீலத் திரை வருகிறது என்றுதான் போனில் சொன்னார். மாற்று ராமோடு போனேன். பதிவுகளில் 41 வரிசையாக நிற்கிறது, எல்லாவற்றிலும் 0. மினிடம்ப் ஃபோல்டர் காலி. நீலத் திரையை யாராவது கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டால், ஒருவரும் பார்க்கவில்லை, ரீஸ்டார்ட் ஆவதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் முதல் பிரின்ட் கொடுக்கும்போதுதான் விழுகிறது என்பதை அங்கே வேலை செய்த பெண்தான் கவனித்துச் சொன்னார். லேசர் பிரின்டரை அதே யுபிஎஸ்ஸில் சொருகியிருந்தார்கள். லேசர் பிரின்டருக்குள் இருக்கும் சூடேற்றும் உருளை ஆரம்பிக்கும்போது சில நொடிகள் நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும், சின்ன யுபிஎஸ்ஸால் தாங்க முடியாது. பிரின்டரை நேரடியாகச் சுவர் பிளக்குக்கு மாற்றினோம். கொண்டுபோன ராமைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

சரி, ராம் சோதனை. வரிசை முக்கியம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒரே நாளில் ராமைக் கழற்றி மாட்டி, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) அப்டேட் செய்து, டிரைவரையும் மாற்றினால் நின்றுபோனாலும் எதனால் நின்றது என்று தெரியாது. பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் அமைப்பை, அணையுங்கள். இது உங்களுக்கு மிகவும் பொருந்தும். ராம் பெட்டியில் 3600 என்று போட்டிருந்தாலும், 12ஆம் தலைமுறை ப்ராசஸர்களுக்கு டிடிஆர்4இல் இன்டெல் அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் வேகம் 3200தான். அதற்கு மேல் போவது ஓவர்க்ளாக்கிங் கணக்கில் சேரும். அதுவும் 12400 மாதிரி பெயரில் கே எழுத்து இல்லாத மாடல்களில், ப்ராசஸருக்குள் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் பக்கத்துக்குப் போகும் வோல்டேஜை உயர்த்த முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். ஒரு ராம் இருந்தபோது 3600 ஓடியிருக்கலாம். இரண்டாவதாக, வேறு சிப்களும் வேறு டைமிங்கும் கொண்ட ஒன்று சேர்ந்ததும் அந்தக் கன்ட்ரோலர் மூச்சு வாங்குகிறது என்பதுதான் என் ஊகம். எக்ஸ்எம்பியை அணைத்தால் ராம் தன் அடிப்படை வேகத்துக்கு, 2133 அல்லது அதைப் போன்ற ஒன்றுக்கு, இறங்கிவிடும். அன்றாட வேலையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு நாள் அப்படியே பயன்படுத்துங்கள். நீலத் திரை நின்றுவிட்டால் செலவில்லாமல் பாதி வழி வந்துவிட்டீர்கள். அப்புறம் எக்ஸ்எம்பியை மறுபடி போட்டு, வேகத்தை மட்டும் கையால் 3200க்குக் குறைத்துப் பார்க்கலாம்.

நிற்கவில்லை என்றால், ஒரு பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் போட்டு அதிலிருந்து பூட் செய்யுங்கள். விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அது பிழை காட்டினால் நம்பலாம், பிழை இல்லை என்று சொன்னால் நான் நம்புவதில்லை. பென்டிரைவ் பூட் ஆகாவிட்டால் பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும். அதற்கு முன் டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, ரிகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்ததும் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்டு நிற்கும், அந்த நேரத்தில் தேடினால் ரத்தக்கொதிப்புதான் ஏறும்.

சோதனையை இரவு படுக்கப் போகும்போது போட்டு விடுங்கள். குறைந்தது நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், இவ்வளவு பெரிய ராமில் ஒன்றுதானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. பிழை வந்தால் ஒவ்வொரு ராமையும் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் ஒற்றை ராமுக்குப் பொதுவாக ப்ராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட், இரண்டு ராம் என்றால் இரண்டாவதும் நான்காவதும். ஒரு ராமில் மட்டும் பிழை என்றால் குற்றவாளி அதுதான். இரண்டும் தனித்தனியாகச் சுத்தம், சேர்த்தால் மட்டும் பிழை என்றால் இரண்டுக்கும் ஜோடி பொருந்தவில்லை, வேகத்தைக் குறையுங்கள் அல்லது ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் ராமை வாங்குங்கள். எந்த ராமைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் பிழை என்றால், கடைக்காரர் சொன்ன மதர்போர்டு அப்போதுதான் பேச்சுக்கு வரும். அப்போதும் ப்ராசஸரை ஒரு தடவை கழற்றி, சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

ராமைக் கழற்றும்போது மின் கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ராமைத் தொடுங்கள். அழிரப்பரால் தங்க முனையைத் தேய்க்கும் வைத்தியம் நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், பல நேரம் வேலையும் செய்கிறது. ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புது நோய். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுவது மேல். பல ராம்களுக்கு லைஃப்டைம் வாரண்டி உண்டு, பில்லைத் தேடி வையுங்கள்.

ராம் தேறிவிட்டது, இருந்தும் விழுகிறது என்றால்? எனக்கு அடுத்தது எஸ்எஸ்டி. கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர், கிரிட்டிகல் ப்ராசஸ் டைடு என்று வந்தால் எஸ்எஸ்டியை முதலில் பார்க்க வேண்டும். டிரைவின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மஞ்சளோ சிவப்போ காட்டினால், வேறு எதையும் தொடுவதற்கு முன் ஃபைல்களை வேறு டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். சாட்டா டிரைவ் (கேபிளில் இணைக்கும் வகை) வைத்திருப்பவர்கள் சிஆர்சி எரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் டிரைவின் கோளாறு அல்ல, கேபிளின் கோளாறு, கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

அப்புறம் சூடு, எஸ்எம்பிஎஸ். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு, கனமான வேலை கொடுத்து வெப்பநிலையைப் பாருங்கள். தூசி அடைத்த ஃபேன், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் இரண்டும் மே மாதத்தில் பழிவாங்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மென்பொருள் காட்டும் வோல்டேஜை வைத்து முடிவு செய்ய முடியாது, நண்பரிடமிருந்து நல்ல ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் மாட்டிப் பார்ப்பதுதான் ஒரே வழி. கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். அது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது, கணினி அப்புறம்.

வீயா பிழை வருகிறவர்களுக்கு ஒரு இடைச்செருகல், உங்களுக்கு இது பொருந்தாது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில், தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் சிப்பே நாளடைவில் தேய்ந்துபோகும் பிரச்சினை இருந்தது. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தங்களை பயாஸ் அப்டேட் வழியாக வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களின் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. இதில் வேடிக்கை, கேம் ஆடியவர்களுக்கு வந்த செய்தி வீடியோ மெமரி போதவில்லை என்பதாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டை மாற்றியும் தீராமல் பலர் திண்டாடினார்கள், குற்றம் ப்ராசஸரில். புதிய பயாஸ் மேலும் தேயாமல் தடுக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது. அப்படிப்பட்டவர்கள் வாரண்டிக்கு விண்ணப்பியுங்கள்.

டிரைவர் பக்கம் நான் கடைசியாகப் போகிறேன், உங்கள் அறிகுறிகள் அப்படி. டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டதைக் குறிக்கும் வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஒருவருக்கு இதையே முதலில் சொல்லியிருப்பேன்: சேஃப் மோடில் டிடியு என்ற கருவியால் பழைய டிஸ்ப்ளே டிரைவரைத் துடைத்துவிட்டு, கிராபிக்ஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதைப் போடுங்கள் என்று. எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருகிறோம் என்று வரும் மென்பொருள்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். விளக்கின் நிறம் மாற்றும் மென்பொருள், ஃபேன் வேகம் மாற்றும் மென்பொருள், ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ், இவையெல்லாம் கெர்னலுக்குள் கால் வைப்பவை, சோதனைக் காலத்தில் நீக்கிவிடுங்கள். டிரைவர் வெரிஃபையர் என்று ஒரு கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. சந்தேகப்படும் டிரைவரை வேண்டுமென்றே நெருக்கி விழவைக்கும், சில நேரம் கணினி பூட் ஆகவே மறுக்கும். சேஃப் மோடில் போய் அதை ரீசெட் செய்யத் தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

ராம் விஷயம் தீர்ந்த பிறகு, அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்த்துச் சீர்செய்யும் டிஐஎஸ்எம்மின் ரீஸ்டோர்ஹெல்த், அதற்குப் பின் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற இரண்டு கட்டளைகளையும் ஒரு தடவை ஓட்டுங்கள். கெட்ட ராமோடு நிறுவிய விண்டோஸில் கெட்டுப்போன ஃபைல்கள் இருந்தால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

இன்றைக்கு எக்ஸ்எம்பியை மட்டும் அணையுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். இரண்டு நாளில் விழுந்தால் மெம்டெஸ்ட். அதில் எந்தச் சுற்றில், எந்த ராமில், எந்த ஸ்லாட்டில் சிவப்பு வந்தது என்பதை எழுதி, கடைசி ஐந்து மினிடம்ப் ஃபைல்களோடு அனுப்புங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன். கடைக்காரர் கூப்பிட்டால், ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.